வீட்டுத் திட்டத்துல பேர் வரல்லயா? இப்படிக் கேளுங்க

வீட்டுத் திட்டம் வருது எண்டு ஒரு கதை கிளம்பினாப் போதும், நம்மட மட்டக்களப்புச் சனம் முதல்ல ஓடுறது அரசியல்வாதிட ஆளத் தேடித்தான். அத விடுங்க, முதல்ல அலுமாரியத் திறந்து காணிக் கடுதாசியப் பாருங்க. காணி உறுதியா, அரசாங்கக் காணிக்குக் குடுக்கிற பெர்மிட்டா, பெர்மிட் எண்டா காலமான அப்பாட பேர்லயே இன்னும் கிடக்கா எண்டு பாத்து, அப்படிக் கிடந்தா பிரதேச செயலகத்துக் காணிப் பிரிவுல பேர மாத்துற வேலைய இண்டைக்கே தொடங்குங்க, அதுக்கு மாசக்கணக்கில போகும். டவுனுக்குள்ள எண்டா மாநகர சபைட கட்டட அனுமதியும் வேணும்.

பிறகு விண்ணப்பம். ஜிஎஸ்ஸிட்ட, அதான் கிராம சேவகரிட்ட, வாயால சொல்லிட்டு வராதீங்க, எழுதிக் குடுத்து, நீங்க வச்சிருக்கிற பிரதியில திகதியோட கையெழுத்து வாங்குங்க.

லிஸ்ட்ல பேர் இல்லையா? சண்டை பிடிக்கத் தேவல்ல. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. பிரதேச செயலகத்துத் தகவல் அலுவலருக்குத் தமிழ்லயே கடிதம் எழுதலாம், ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவல்ல. ஆனா "எனக்கு ஏன் வீடு தரல்ல" எண்டு எழுதினா மழுப்பல் பதில்தான் வரும். எங்கட பிரிவுக்கு எத்தனை வீடு, எந்தச் சுற்றறிக்கைப்படி ஆக்களத் தெரிஞ்ச, எதுக்கு எத்தனை புள்ளி, எனக்கு எத்தனை, இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுக் கேளுங்க. 14 வேலை நாளுக்குள்ள தருவமா மாட்டமா எண்டு அவங்க சொல்லியாகணும். சொல்லல்லயா, மேன்முறையீடு போடுங்க, அதுவும் சரிவரல்ல எண்டா தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போங்க.

இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சுனாமில வீடிழந்த ஆக்களுக்கெண்டு சவூதி காசில அக்கரைப்பற்று நுரைச்சோலைல கட்டின 500 வீடும், ஆருக்குக் குடுக்கிற எண்ட இழுபறில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வருஷக்கணக்கா ஆளில்லாமக் கிடந்துச்சு. கட்டி முடிச்ச வீட்டுக்கே அந்தக் கதி, நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. அதால ஆருக்கு எந்த அடிப்படையில எண்டத கல்லு வைக்க முந்தியே கேட்டு எழுத்தில வாங்கி வைங்க.

பேர் வந்தாலும் காசு கட்டம் கட்டமாத்தான் வரும். இந்திய வீட்டுத் திட்டத்து 550,000 ரூபாவும் அப்படித்தான் குடுத்தாங்க. 2019ல ஆட்சி மாறினாப்பிறகு அதுக்கு முந்தின அரசாங்கம் தொடங்கின மாதிரிக் கிராமத் திட்டத்து வீடுகள் எத்தனையோ கூரையில்லாம நிண்டத நீங்களும் பாத்திருப்பீங்க. குடுத்த பிளானுக்கு மேல ஒரு அறை கூட்டாதீங்க, வரப்போற காச நம்பி நகைய அடகு வைக்காதீங்க. அத்திவாரம், சுவர், கூரை எண்டு ஒவ்வொரு கட்டத்தையும் திகதியோட போட்டோ எடுத்து, பேங்க் சிலிப்போட ஒரே பைல்ல போட்டு வைங்க, அடுத்த கட்டக் காசு கேக்கப் போகக்குள்ள அந்த பைலையும் கொண்டு போங்க.