காசு எப்படி மேலே வந்தது? பிள்ளைகளுக்கு ஒளிவிலகலைக் காட்டும் வழி

ஒளிவிலகல் (ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் சாய்வாகப் போகும்போது ஒளி திசை மாறுவது) என்றதும் எல்லோரும் டம்ளர் தண்ணீரில் பென்சிலைப் போட்டுக் காட்டுவார்கள். பிள்ளையும் "உடைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். அதில் ஊகிக்க ஒன்றுமில்லை, அதுதான் சிக்கல். காசிலிருந்து ஆரம்பியுங்கள்.

பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் வேண்டாம், பளபளப்பான உட்புறத்தில் காசின் பிம்பம் விழுந்து குழப்பும். ஒரு ரூபாய்க் காசைத் துளி கோதுமை மாவு வைத்து அடியில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது அது நகர்ந்து, "நீங்கதான் தள்ளிவிட்டீங்க" என்று பழி உங்கள் மேல் விழும். இப்போது கிண்ணத்தின் விளிம்பு காசை மறைக்கும் வரை பிள்ளையைப் பின்னால் போகச் சொல்லுங்கள். மறைந்ததும் தலையை ஆட்டாமல் நிற்கட்டும். ஊற்றுவதற்கு முன்பே "என்ன ஆகும்?" என்று கேட்டு, ஏதாவது ஒரு பதிலை வாங்கிவிடுங்கள். பிறகு மெதுவாக ஊற்றினால், தண்ணீர் ஏற ஏறக் காசின் ஓரம் எட்டிப் பார்க்கும், அப்புறம் முழுசாகவே தெரியும்.

"காசு மிதக்குது!" என்றால் உடனே திருத்தாதீர்கள். விரலை விட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அது அடியிலேயேதான் இருக்கும். முன்பு தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த ஒளி, இப்போது தண்ணீரை விட்டு வெளியேறும் இடத்தில் திசை மாறிக் கண்ணுக்கு வருகிறது. இதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டிவிட்டு, ஒளிவிலகல் என்ற பெயரைச் சொன்னால் போதும்.

ஏன் திசை மாறுகிறது என்று கட்டாயம் கேட்பார்கள். ஒளி காற்றில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும், தண்ணீரில் சுமார் 2.25 லட்சம்தான். எண்ணைச் சொல்வதைவிட நடக்க வைப்பது நல்லது: நாலு பிள்ளைகள் கைகோத்து வரிசையாக சிமெண்ட் தரையிலிருந்து மணலுக்குள் சாய்வாக நடக்கட்டும். முதலில் மணலை மிதிப்பவன் மெதுவாவான், மற்றவர்கள் அதே வேகத்தில் வருவதால் வரிசையே திரும்பிவிடும். நேராக நடந்தால் வேகம் குறையும், ஆனால் திரும்பாது. ஒளியும் அப்படித்தான்.

இதே காரணத்தால் நாலடித் தண்ணீர் மேலிருந்து பார்க்கும்போது மூன்றடி மாதிரித் தெரியும். குளமோ கிணறோ பக்கத்தில் இருந்தால் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்து, நேரான உருளை வடிவக் கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். தாளில் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி வரைந்து டம்ளருக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்தால் அப்படியே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அம்பு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இப்போது தாளைத் திருப்பி அம்பை மேல்நோக்கிப் பிடியுங்கள், தலைகீழாகாது! டம்ளர் பக்கவாட்டில் மட்டும்தானே வளைந்திருக்கிறது. இந்த விடையை நீங்கள் சொல்லாமல், அவர்களே டம்ளரைத் தடவிக் கண்டுபிடிக்க விடுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மாயம்: போரோசிலிகேட் (சூடு தாங்கும் ஆய்வகக் கண்ணாடி) சோதனைக்குழாயைக் கிளிசரினில் முக்கி, உள்ளேயும் கிளிசரின் நிரப்புங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளி அதற்குள் எவ்வளவு மெதுவாகும் என்பதைக் காட்டும் எண்) கிட்டத்தட்ட 1.47 என்பதால் ஒளி திசை மாறாமல் போகும், குழாய் காணாமல் போகும். சூரியகாந்தி எண்ணெயிலும் செய்யலாம். சாதாரணக் கண்ணாடி என்றால் மங்கலாக விளிம்பு தெரியும், ஏனென்றால் அதன் எண் சுமார் 1.52.

ஒளி திசை மாறுவதை லேசர் விளக்கு அடித்துக் காட்ட நினைத்தால், அது மட்டும் சின்னப் பிள்ளைகள் கையில் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.