ஒரே ஸ்பெல்லிங், இரண்டு உச்சரிப்பு: ஆங்கிலத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்புகிறோமே, அந்தத் தன்விவரக் குறிப்புக்குப் பெயர் 'ரெஸ்யூமே'. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். நின்றுபோன வேலையைத் திரும்பத் தொடங்குவது 'ரிஸ்யூம்'. பெரும்பாலும் இரண்டையும் ஆர், இ, எஸ், யூ, எம், இ என்று ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். அதனால் நேர்காணலில் "என் ரிஸ்யூமைப் பாருங்கள்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நல்ல தகுதி இருந்தும் முதல் வாக்கியத்திலேயே இப்படித் தடுக்கி விழ வேண்டுமா?

எழுத்தைப் பார்த்ததும் ஒலியைச் சொல்லிவிடும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. ஆங்கிலத்தில் அது எப்போதும் கைகொடுக்காது. அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது, பெயரா வினையா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும்.

எல், இ, ஏ, டி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வழிநடத்து என்றால் 'லீட்'. ஈயம் என்றால் 'லெட்'. பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்தான் என்றாலும், அதையும் 'லெட்' என்றே சொல்வார்கள். ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலும் ஒரு காலத்தில் நெடில்தான் இருந்தது. பிரெட், ஹெட், டெட் ஆகியவற்றைப் போல அதுவும் பேச்சில் குறுகிவிட்டது, எழுத்து மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. மக்கள் வாயில் உயிரொலிகள் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே இருந்தன.

இந்தச் சொல்லில் பேச்சைவிட எழுத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். 'ரீட்' என்ற வினையின் இறந்தகாலம் 'ரெட்', ஆனால் ஸ்பெல்லிங் மாறாது. அதே நினைப்பில் 'லீட்' என்பதன் இறந்தகாலத்துக்கும் ஏ சேர்த்து எழுதிவிடுகிறோம். அது தவறு. எல், இ, டி மட்டும்தான். ஏ சேர்த்தாலும் அது ஆங்கிலத்தில் உள்ள சொல்தான் என்பதால், கணினியின் ஸ்பெல்லிங் சோதனை பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது. நாமே பார்த்துத் திருத்த வேண்டும்.

காயத்துக்கு 'வௌண்ட்' என்று சொல்வது இன்னொரு பரவலான தவறு. ரௌண்ட், சௌண்ட் என்று பழகிய வாய் அப்படித்தான் போகும். காயம் என்றால் 'வூண்ட்'. 'வௌண்ட்' என்பது கயிற்றையோ கம்பியையோ சுற்றினேன் என்பதற்கான இறந்தகாலச் சொல். இதேபோல, கூட்டக் குறிப்புகள் 'மினிட்ஸ்', மிகச் சிறிய விவரம் 'மைன்யூட்'.

சரி, இவையெல்லாம் ஒலியே மாறுகிற சொற்கள். நம்மை அதிகம் சிக்கவைப்பது அழுத்தம் மாறுகிற சொற்கள். ஓர் அசையை அழுத்திச் சொல்வதால் பொருள் மாறும் வழக்கம் தமிழில் இல்லை. அதனால் எல்லா அசைகளையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இத்தகைய பல ஈரசைச் சொற்கள் பெயராக வந்தால் முதல் அசையிலும், வினையாக வந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். பதிவேடு 'ரெக்கார்ட்', பதிவுசெய் 'ரிக்கார்ட்'. பரிசு 'ப்ரெசன்ட்', வழங்கு 'ப்ரிசென்ட்'. பொருள் 'ஆப்ஜெக்ட்', ஆட்சேபி 'அப்ஜெக்ட்'. நடத்தைச் சான்றிதழைக் 'காண்டக்ட் சர்டிபிகேட்' என்றும், பேருந்தில் டிக்கெட் தருபவரைக் 'கண்டக்டர்' என்றும் நம்மில் பலர் சொல்கிறோம் அல்லவா? அந்த வேறுபாடேதான் இது. பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டோம்.

அதற்காக எல்லாச் சொற்களிலும் இந்த விதியைப் பூட்டிவிடக் கூடாது. ரிப்போர்ட், சப்போர்ட், கன்ட்ரோல் ஆகியவை பெயரானாலும் வினையானாலும் இரண்டாம் அசையிலேயே அழுத்தம் பெறும். 'கான்டென்ட்' என்றால் உள்ளடக்கம், 'கன்டென்ட்' என்றால் மனநிறைவுள்ள. இந்த இரண்டாவது பெரும்பாலும் வினையாக அல்ல, பண்புச்சொல்லாகத்தான் வரும். 'இன்வாலிட்' என்பதிலும் கவனம் தேவை. செல்லாத கடவுச்சொல் என்றால் 'வா' என்ற நடு அசையை அழுத்த வேண்டும். முதல் அசையை அழுத்தினால் நோயால் முடங்கியவர் என்று பொருள். மனிதர்களுக்கு அப்படிப் பெயர் வைப்பதை இப்போது பலரும் தவிர்க்கிறார்கள்.

அப்புறம், 'க்ளோஸ்'. 'அருகில்' என்ற பொருளில் கடைசி எழுத்து வெறும் காற்றொலி. 'மூடு' என்றால் அது அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அந்த அதிர்வு தெரியும். 'யூஸ்' என்ற சொல்லும் இப்படித்தான்: பயன் என்றால் அதிராது, பயன்படுத்து என்றால் அதிரும். தமிழ் எழுத்தில் இதைக் காட்ட வழியில்லை, காதால்தான் பிடிக்க வேண்டும்.

அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிப் படத்தை ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பெயருக்கும் வினைக்கும் தனித்தனிப் பதிவு இருக்கிறதா என்று கீழே இறங்கிப் பாருங்கள். தனிச்சொல்லாகச் சொல்லிப் பழகாமல், இரண்டு பொருளும் வரும்படி ஒரு வாக்கியம் அமைத்துச் சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் வேலையிலும் கூட்டங்களிலும் அன்றாடம் வருகிற சொற்கள் போதும். வில்லுக்கு 'போ', தலைவணங்குவதற்கு 'பௌ' என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.