பெரிய தலைக்காரனை முதல் நாளே அடிக்கப் போகாதீர்கள்

‘பிளாக் மித் வூகோங்’ வீடியோ விளையாட்டை வாங்கிய தம்பிகள் நிறைய பேர் முதல் நாளிலேயே ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று மூட்டைகட்டி விடுகிறார்கள். சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டு பேசியதில், ஏறக்குறைய எல்லாரும் மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான்: காட்டுக்குள் திரியும், தலை பெருத்த ஓர் எதிரி, அந்தப் பெரிய தலைக்காரன். அவனை அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, தாண்டிப் போய்விடுங்கள். முதலில் குவாங்ஜி என்ற இன்னோர் எதிரியைத் தோற்கடித்தால் நெருப்பு ஆயுதத்தோடு உருமாறும் வித்தை கிடைக்கும், அப்புறம் திரும்பி வந்து பாருங்கள், சண்டையே வேறு மாதிரி இருக்கும்.

2024 ஆகஸ்டில் வந்த இந்த விளையாட்டில் ‘ஈஸி’, ‘ஹார்ட்’ என்று தேர்ந்தெடுக்க வழி கிடையாது. ஆனால் செத்தாலும் சேர்த்த அனுபவப் புள்ளிகள் போகாது, அதனால் தைரியமாக மோதலாம். திறன்களில் போட்ட புள்ளிகளைக்கூட, ஓய்வெடுக்கும் பீடத்தில் செலவே இல்லாமல் திரும்ப எடுத்து வேறு திறனில் போடலாம், இது பலருக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, எதிரி கையை ஓங்கியதுமே விலகாதீர்கள். சிலர் ஓங்கியபடியே கொஞ்சம் தாமதித்துத்தான் இறக்குவார்கள், அடி இறங்கும் நொடியில் விலகுங்கள்.