மழை ஊரில் நீச்சல் குளம்: முதலில் அல்கலினிட்டியைப் பாருங்கள்

கோலாலம்பூரில் மதியம் கொட்டித் தீர்த்த மழைக்கு மறுநாள் குளம் லேசாகப் பச்சை தட்டினால், கை நேராகக் குளோரின் டப்பாவுக்குத்தான் போகும். போடவேண்டியதுதான். ஆனால் மாதத்துக்கு மூன்று முறை இதே கதை என்றால் அல்கலினிட்டியையும் சோதிக்க வேண்டும். தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார நிலை, ஆடாமல் பிடித்துவைக்கும் காரச்சத்துதான் அது.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் ஏறக்குறைய 45,000 லிட்டர் நிற்கும். 50 மி.மீ. மழை அதில் 1,600 லிட்டர் சேர்க்கும். நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஆனால் இங்கே ஆண்டுக்குச் சுமார் 2,500 மி.மீ. பெய்கிறது, அதாவது 80,000 லிட்டர். ஆவியானது போக மிச்சம் வழிந்தோடும்போது நீங்கள் போட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறது. மழைநீரில் அல்கலினிட்டி இல்லை என்றே சொல்லலாம். மிதவையில் போடும் 200 கிராம் டிரைகுளோர் (மெல்லக் கரையும் குளோரின்) வில்லையும் அமிலத்தன்மை உள்ளது. இரண்டும் சேர்ந்தால் பிஎச் நிலையில்லாமல் ஆடும், குளோரினும் சரியாக வேலை செய்யாது. அதை சோடா ஆஷ் போட்டு ஏற்றி, ஆசிட் ஊற்றி இறக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை.

வில்லை போடுகிறவர்கள் அல்கலினிட்டியை 100 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை வையுங்கள். திரவக் குளோரினோ தூளோ போடுகிறவர்களுக்கு 80 முதல் 90 போதும். 45,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 750 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். நம் சமையலறை ஆப்ப சோடாவேதான், மூட்டையாக வாங்கினால் மலிவு. பம்ப் ஓடும்போது ஆழமான பக்கம் தூவிவிட்டு, மறுநாள் சோதியுங்கள்.

அடுத்தது பிஎச்: 7.4 முதல் 7.6. கூடியிருந்தால் முதலில் 300 மி.லி. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றிக் கலந்து (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது) குளத்தில் சேர்த்து, நான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்பிலிருந்தே குளோரின் தயாரிக்கும் கருவி உள்ள உப்புநீர்க் குளத்தில் நிலைமை தலைகீழ்; அங்கே பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும்.

குளோரின் கடைசியில். அதே 45,000 லிட்டரில் 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் தூள்) 70 கிராம் போட்டால் 1 பிபிஎம் ஏறும். வாளியில் கரைத்து, வெயில் இறங்கியபின் ஊற்றுங்கள். பிள்ளைகள் கண் எரியுது என்றால் “குளோரின் ஜாஸ்தி” என்பார்கள். பெரும்பாலும் குளோரின் போதாமல் வியர்வை, சிறுநீரோடு கட்டுண்டு கிடப்பதுதான் காரணம். மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினை (எதோடும் கட்டுண்டு போகாததை) கழித்தால் கட்டுண்டது தெரியும். அது 0.5 என்றால் பத்து மடங்கு, அதாவது 5 பிபிஎம் ஏற 350 கிராம் ஒரே தடவையில் போடவேண்டும்.

இந்தக் கணக்குக்கு மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்துக் கிட் உதவாது. அது மொத்தத்தை மட்டுமே காட்டும். இரண்டையும் தனித்தனியாகக் காட்டும், இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி சோதனை மாத்திரை வாங்குங்கள். சோதிக்கும் தண்ணீரை, தண்ணீர் உள்ளே வரும் துவாரத்துக்கு அருகில் எடுக்காமல், முழங்கை ஆழத்தில் சோதனைக் குழாயைக் கவிழ்த்து இறக்கி, அங்கே திருப்பி நிரப்புங்கள். மாத்திரையை விரலால் தொடவேண்டாம். இளஞ்சிவப்பு ஒரு நொடி வந்து வெளுத்துப்போனால் குளோரின் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்; அளவு மிஞ்சி நிறத்தையே தின்றுவிட்டது. குளோரின் இல்லாத தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பார்த்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

டிரைகுளோர் வில்லை கரையக் கரைய சயனூரிக் ஆசிட் சேரும், ஒரு வில்லைக்கு 2.4 பிபிஎம் வீதம். 30 முதல் 50 வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். 100 தாண்டினால் குளோரின் மந்தமாகிவிடும். கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்புவதே வழி.

நம் குழாய்த் தண்ணீர் மென்னீர் என்பதால், டைல் ஒட்டிய குளத்தில் கால்சியம் 200 பிபிஎம்முக்குக் குறைந்தால் டைல் இடுக்குச் சிமெண்ட் சொரசொரத்து உதிரும். 10 பிபிஎம் ஏற்ற 660 கிராம் கால்சியம் குளோரைடு.

டிரைகுளோரையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே கரண்டியால் அள்ளாதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஆசிட் கேனை இவற்றோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். பம்ப் அறையிலும் வேண்டாம், அதன் ஆவி மோட்டாரை அரித்துவிடும்.