காற்றாலை இரைச்சலைக் குறைக்க முற்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரைச்சல் பற்றிப் புகார் வந்தவுடன் பலரும் முதலில் கைவைப்பது சுழலியின் வேகத்தில்தான். வேகத்தைக் குறைத்தால் ஓசை அடங்கும் என்பது உண்மையே. இறக்கையிலிருந்து எழும் ஒலியின் ஆற்றல் நுனி வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் மாறுவதால், வேகத்தில் 10 சதவீதத்தைக் குறைத்தாலே இரண்டு டெசிபலுக்குச் சற்று மேல் குறைந்துவிடும். ஆனால் அந்தக் குறைப்புக்கு ஒவ்வோர் இரவும் இழக்கும் மின்சார யூனிட் கணக்கில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓசை எங்கே பிறக்கிறது என்று அறியாமல் மருந்து தேடுவது அடுத்த தவறு. கோபுரத்தின் அருகே நின்று கேட்டால், இறக்கை கீழ்நோக்கி இறங்கும்போதெல்லாம் ‘உஷ்... உஷ்’ என விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் அதன் பின்விளிம்பில் எழும் ஓசை. ஒரே சுருதியில் ரீங்காரமிடுவது கியர்பாக்ஸாகவோ குளிர்விப்பு விசிறியாகவோ இருக்கலாம்; அதற்கு வேகத்தைக் குறைப்பது வீண். சீழ்க்கை போன்ற ஒலி வந்தால், மின்னல் தாக்கி இறக்கையில் துளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணலும் மழைத்துளியும் அரித்த முன்விளிம்பைச் செப்பனிடாமல் விட்டுவிட்டால் ஓசை கூடுவதோடு உற்பத்தியும் குறையும் என்பதால், அந்தப் பழுதுபார்ப்பு இரண்டு பக்கமும் ஆதாயம் தரும்.

பின்விளிம்பில் ரம்பப்பல், அதாவது ரம்பத்தின் பற்களைப் போன்ற வரிசை, பொருத்துவது நல்ல வழி. 94 மீட்டர் விட்டமுள்ள ஒரு சுழலியின் மூன்று இறக்கைகளில் ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றின் வடிவத்தை மாற்றி, மற்றொன்றில் ரம்பப்பல் பொருத்திச் சோதித்த ஆய்வு 2009-இல் வெளியானது. வடிவ மாற்றத்தால் 0.5 டெசிபல்தான் குறைந்தது, ரம்பப்பல்லாலோ 3.2 டெசிபல் குறைந்தது. ஆயினும் பற்களைக் காற்றோட்டத்தோடு ஒத்துப்போகாத கோணத்தில் ஒட்டினால் கீச்சொலி கூடிவிடும். மேலும், 3 டெசிபல் குறைவு என்பது ஒலியாற்றலில் பாதி என்றாலும், காதுக்குச் சிறிய மாற்றமாகவே தெரியும் என்பதை ஊராரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

பகலில் மட்டும் அளந்துவிட்டு நிம்மதியடைவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ரேடே காற்றாலைப் பண்ணையில் 17 காற்றாலைகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, இரவில் தரையருகே காற்று ஓய்ந்திருந்தாலும் சுழலி உயரத்தில் அதன் வேகம் எதிர்பார்த்ததைவிட 2.6 மடங்கு வரை இருந்ததையும், தரையருகே காற்று அதே அளவில் வீசும் பகல் நேரத்தைவிட ஓசை 15 டெசிபல் வரை கூடியதையும் காட்டியது. 1,900 மீட்டர் தொலைவில் இருந்தவர்கள்கூட எரிச்சலுற்றதாகக் கூறினர். மரங்களின் சலசலப்பும் அடங்கிய அந்த நேரத்தில் இறக்கையின் ஓசையை மறைக்க எதுவும் இருப்பதில்லை. அளக்கும்போது காற்றாலையைச் சிறிது நேரம் நிறுத்திச் சூழலின் ஓசையைத் தனியே பதிவு செய்யாவிட்டால், எது யாருடைய ஓசை என்றே தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வேகத்தைக் குறைத்தே தீர வேண்டுமென்றால், இரவு முழுவதும், எல்லாக் காற்றாலைகளிலும் குறைக்க வேண்டியதில்லை. வீடுகளை நோக்கிக் காற்று வீசும் மணிகளில், அவற்றுக்கு அருகிலுள்ள காற்றாலைகளில் மட்டும் குறைத்தால், மற்றவை முழுத் திறனோடு ஓடிக்கொண்டிருக்கலாம்.