ஈசிஜி சரியானதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் வார்டில் ஒரு பயிற்சி மருத்துவர் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்தது. நோயாளிக்கு 78 வயது. சுகர், பிரஷர், கொஞ்சம் கிட்னிக் கோளாறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறை தாறுமாறாகத் துடிப்பது) மூன்றாவது முறையாக வந்து மருந்தில் அடங்கியிருந்தது. கடைசி வரி: 'துடிப்பு சீராகிவிட்டதால் அபிக்ஸபான் நிறுத்தப்பட்டது.' அபிக்ஸபான் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. அது இருந்த இடத்தில், அதே வேலையைச் செய்யும் பழைய மாத்திரையான அசிட்ரோம் என்று போட்டு, இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். இதுபோல நாம் செய்யும் தவறுகள் கீழே.

துடிப்பு சீரானதும் நிறுத்துவது

அப்படி நான் எழுதிக்கொடுத்த நோயாளி ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நிறுத்திய ஐந்தாம் மாதம் வலது கை, கால் விழுந்து, பேச்சும் போய் வந்து சேர்ந்தார். அவர் மனைவி பழைய சம்மரியை நீட்டி, "நீங்கதானே டாக்டர் நிறுத்தச் சொன்னீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

ஈசிஜி பத்து நொடி பார்க்கிறது. வயதானவர்களுக்கு இந்தச் சீரற்ற துடிப்பு படபடப்பே இல்லாமல் ராத்திரியில் வந்து போகும். துடிப்பு திரும்பிவிட்டாலும் இதயத்தின் மேலறை பழையபடி சுருங்கிவிரியச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை இடது மேலறையின் மூலைப் பையில் ரத்தம் தேங்கி உறையலாம். 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வில் 4,060 பேர். துடிப்பைச் சீராக்க மருந்து கொடுத்தும் பக்கவாதம் குறையவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை (அசிட்ரோம் வகை மாத்திரை) நிறுத்தியவர்கள், அல்லது ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 2க்குக் கீழே இருந்தவர்கள்.

மாத்திரை தேவையா என்பதை வயதும் கூடவே உள்ள நோய்களும்தான் சொல்லும். 75 வயது ஆகிவிட்டால் 2 மதிப்பெண், சுகருக்கு 1, பிரஷருக்கு 1. அந்தக் கணக்கில் ஈசிஜிக்கு இடமே இல்லை. பயிற்சி மருத்துவரின் சம்மரியைத் திருத்தியதோடு விடாமல், மருந்துச்சீட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதவும் சொன்னேன்: 'படபடப்பு இல்லாவிட்டாலும், எங்களைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.'

"வயசாயிடுச்சு, ஆஸ்பிரின் போதும்"

போதாது. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துச் செய்த பாஃப்டா ஆய்வில் (2007) ஆஸ்பிரின் குழுவில் ஆண்டுக்கு 3.8 சதவீதம் பேருக்குப் பெரிய பக்கவாதம் போன்ற பாதிப்பு, வார்ஃபரினில் 1.8. ரத்தக்கசிவாவது ஆஸ்பிரினில் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை.

பயத்தில் பாதி டோஸ்

80 வயது அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.5 அல்லது மேல். மூன்றில் இரண்டு இருந்தால்தான் அபிக்ஸபான் 5 மில்லிகிராம் 2.5 ஆகும். வயதானவர் என்பது மட்டும் காரணமில்லை.

ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவருக்குப் புது மாத்திரை

அபிக்ஸபான் போன்ற புது மாத்திரை வேண்டாம். வார்ஃபரின் அல்லது அசிட்ரோம்.

கிரியேட்டினின் பார்க்காமல் டிஜாக்ஸின்

டிஜாக்ஸின் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து. கிட்னி நிலை தெரியாமல் கொடுக்கவே கூடாது.

ஏன் திரும்ப வருகிறது என்று தேடாமல் அமியோடரோன்

முதலில் தைராய்டு, பொட்டாசியம், நெஞ்சுச்சளி, குறட்டை எல்லாம் பாருங்கள். அப்புறமும் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை. அசிட்ரோம் கூடவே ஓடுகிறதென்றால் ஐஎன்ஆர் ஏறும். டோஸைக் குறைத்து, அடுத்த வாரமே வரச் சொல்லுங்கள்.