கைப்பட்டிக்குச் சிக்காத பிரஷர்

எங்கள் லயத்துப் பெரியப்பா தம் கிளினிக் கொப்பியை என்னிடம் நீட்டினார். பிரஷர் 110/70 என்று எழுதியிருந்தது. பிரஷர்தான் சரியாக இருக்கிறதே, இனிப் பிரஷர் குளிசை எதற்கு என்று ப்ரோப்ரனலோலை இரண்டு கிழமையாக நிறுத்திவிட்டிருந்தார். அவருக்கு இருப்பது போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன், அதாவது ஈரலுக்குப் போகும் வாயினாளத்தில் பிரஷர் ஏறும் நோய். எனக்குத் தெரிந்து இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். பெயரே செய்கிற குழப்பம்.

கையில் பட்டி கட்டிப் பார்ப்பது நாடியின் அழுத்தம். இந்த நோயில் அழுத்தம் ஏறுவது குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் வாயினாளத்தில். தேயிலை மலையில் கான் மண் விழுந்து அடைபட்டால் தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்தில் வழி தேடி உடைத்துக்கொண்டு ஓடும். ஈரல் தழும்பேறி இறுகினாலும் அப்படித்தான். இரத்தம் உணவுக்குழாய், இரைப்பைப் பக்கத்து நாளங்களில் ஏறி அவற்றைப் புடைக்க வைக்கிறது. ஈரலுக்குள் நுழையும் பக்கத்துக்கும் வெளியேறும் பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு சாதாரணமாக 5 மி.மீ. இரசத்தைத் தாண்டாது, 12ஐ எட்டினால் அந்த நாளங்கள் வெடிக்கும் ஆபத்து வந்துவிடும். ப்ரோப்ரனலோல், கார்வெடிலோல் குளிசைகள் தருவது அதைத் தணிக்கத்தான். தலை சுற்றினால் வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளலாம், தாமாக நிறுத்தக்கூடாது.

அடுத்தது நோவுக் குளிசை. கொழுந்துக் கூடை இழுத்த முதுகுக்குக் கடையில் டைக்ளோபெனாக்கோ ஐபுபுரோபனோ வாங்கி விழுங்குகிறோம். இந்த நோயாளிக்கு அது இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தக் கசிவைத் தூண்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோலே மேல், அதுவும் வைத்தியரைக் கேட்டு, நாளுக்கு 500 மில்லிகிராம் குளிசை நான்குக்கு மேற்படாமல்.

வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்குள் அடங்க வேண்டும். கறியில் உப்பைக் குறைத்துவிட்டு ரொட்டிக்குக் கட்டச்சம்பலும் சோற்றுக்குக் கருவாடும் வைத்தால் கணக்கு எங்கே நிற்கும்? ஆனால் உப்போடு சேர்த்து முட்டை, மீன், பருப்பையும் நிறுத்திவிடுகிறார்கள். அது பழைய பத்தியம். தசை கரைந்தால் நோயாளி இன்னும் தளர்வார். படுக்கும் முன்பும் ஏதாவது சிறிது சாப்பிடக் கொடுங்கள்.

லக்டுலோஸ் பாணி குடித்தால் வயிற்றால் போகிறது என்று போத்தலை மூடி வைத்துவிடுவார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதற்காகவே அதைத் தருகிறார்கள். போகாவிட்டால் நச்சு மூளைக்கு ஏறும்: பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, உளறல், கை நடுக்கம். அப்போது மந்திரித்துக் கயிறு கட்டவோ, தூக்கக் குளிசை கொடுக்கவோ வேண்டாம். ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

வெற்றிலை போடுகிறவர் வீட்டில் இன்னொரு சிக்கல். வாந்தியில் சிவப்பைக் கண்டால் வெற்றிலைச் சாறு என்று விட்டுவிடுவார்கள். இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், இரண்டில் எது வந்தாலும் விடியட்டும், பஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

குடிகாரர் நோய் என்ற பேச்சும் கெடுதிதான். கசிப்பும் சாராயமும் ஈரலைக் கெடுப்பது உண்மை, நோய் வந்தபின் ஒரு சொட்டும் கூடாது. ஆனால் வாழ்நாளில் குடிக்காத, சீனி வருத்தமும் கொழுப்பு ஈரலும் உள்ள அம்மாமாருக்கும் இது வரும். ஊர் என்ன சொல்லுமோ என்று அவர்கள் ஒளித்து வைக்கிறார்கள்.

பெரியப்பா திரும்பக் குளிசை போடுகிறார். புடைத்த நாளங்களுக்கு கமராக் குழாய் விட்டு வளையம் போட்டிருக்கிறார்கள். அவை அடங்கும்வரை சில கிழமைக்கு ஒருமுறை போக வேண்டும். கூட்டிப்போகும் நாளில் பெரியம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது. அடுத்த தவணை எப்போது என்று கேட்டேன். கொப்பியைப் பார்க்காமலே திகதியைச் சொன்னார்.